விதைப் பொட்டலத்தைக் கடைசியில் வாங்குங்கள்: மாடியில் இயற்கைக் காய்கறி, முதல் பையிலிருந்து முதல் கூட்டு வரை

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் விதைப் பொட்டலங்களோடு வந்து நிற்பார். பத்து வகை விதை இருக்கும். பை இருக்காது, கலவை இருக்காது, மொட்டை மாடியில் தண்ணீர்க் குழாயும் இருக்காது. "இதை எதில் போடலாம்?" என்று கேட்பார். நான் பதில் சொல்வதற்குள் பழைய வாளி ஒன்றில் தெருமண்ணை அள்ளிப் போட்டு விதைத்தும் விடுவார். ஆவணி முடிவதற்குள் செடி காய்ந்துவிடும். "எனக்குக் கைராசி இல்லை" என்பார்.

பிசகியது கைராசி அல்ல, வேலையின் வரிசை. திருச்சி உறையூரில் எங்கள் மாடியில் சில ஆண்டுகளாகத் தோட்டம் போட்டு, அக்கம்பக்கத்தார் பைகளையும் குனிந்து பார்த்த பிறகு இந்த வரிசையைச் சொல்கிறேன். விதை இதில் ஐந்தாவது படியில்தான் வருகிறது.

1. மாடியை ஒரு நாள் முழுக்கப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கும், பத்துக்கும், பகல் ஒன்றுக்கும், மாலை நான்குக்கும் மாடிக்கு ஏறுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்று சாக்பீசால் தரையில் கோடு போடுங்கள். காய்க்கும் செடிக்கு நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். கீரைக்கு நான்கு மணி நேரம் போதும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கத்தரியை வைத்துவிட்டு, செடி உயரமாக வளர்ந்தும் பூக்கவில்லையே என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். மாடியில் குழாய் இல்லையென்றால் அதை முதலில் போடுங்கள். இரண்டு மாடி ஏறி வாளியில் தண்ணீர் சுமப்பது இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்கும் முடிவதில்லை. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். நல்ல தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் அது ஆகும். குளோரின் வாடை வரும் குழாய்த் தண்ணீரை ஒரு இரவு வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

மூன்றாவது பாரம். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பை நனைந்த நிலையில் ஏறக்குறைய 20 கிலோ வரும். இருபது பை என்றால் 400 கிலோ. அதை மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள். மரக்கட்டை உத்தரம் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் தளமாக இருந்தால், கட்டடம் தெரிந்தவரிடம் கேட்காமல் ஒரு பையைக்கூட ஏற்றாதீர்கள்.

பையைத் தரையில் நேராக வைக்கவும் கூடாது. இரண்டு செங்கல்லின் மேலோ இரும்புத் தாங்கியின் மேலோ வையுங்கள். அடியில் காற்று ஓடினால்தான் தளம் காயும். ஈரம் எங்கே தேங்குகிறது என்றும் கண்ணுக்குத் தெரியும். மழைநீர் வடியும் துளையைப் பையால் மறைத்துவிட்டு, ஐப்பசியில் மாடியே குளமான வீடும் எங்கள் தெருவில் உண்டு.

2. பை: பத்தில் தொடங்குங்கள்

முதல் பட்டத்துக்கு, அதாவது முதல் விதைப்புப் பருவத்துக்கு, பத்துப் பை போதும். ஐம்பது பையோடு தொடங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரே கோடையில் கைவிட்டுவிடுகிறார்கள்.

கீரைக்கு ஆழம் தேவையில்லை, பரப்புதான் தேவை. 6 முதல் 9 அங்குல ஆழமுள்ள அகலமான பை அதற்குப் பொருந்தும். வெண்டை, மிளகாய், கொத்தவரைக்கு 12 அங்குலம். கத்தரியும் தக்காளியும் 15 அங்குலப் பையில் இன்னும் நன்றாக வரும். பாகல், பீர்க்கன், புடலை போன்ற கொடிகளுக்கு 18 அங்குலமாவது வேண்டும். சின்னப் பையில் போட்ட புடலை பந்தலில் ஏறத்தான் செய்யும். ஆனால் பகல் வெயிலில் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க அந்த வேரால் முடியாது. பிஞ்சு மஞ்சளாகி உதிரும்.

நிரப்புவதற்கு முன் பையைக் கவிழ்த்து அடியில் வடிகால் துளை இருக்கிறதா என்று பாருங்கள். சில பைகளில் துளைக்கு அடையாளம் மட்டும் இருக்கும், வெட்டியிருக்க மாட்டார்கள். தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத்துக்கான பை, தேங்காய் நார்க்கழிவு, விதை எல்லாம் அடங்கிய தொகுப்பை மானிய விலையில் கொடுப்பதுண்டு. உங்கள் வட்டார அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

3. நார்க்கழிவைக் கழுவுங்கள்

எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். நானும் குதித்தேன். முதல் ஆண்டு 5 கிலோ தேங்காய் நார்க்கழிவுக் கட்டிகள் மூன்று வாங்கி, தண்ணீர் ஊற்றி உப்பியதும் அப்படியே மண்ணோடு கலந்துவிட்டேன். விதை முளைத்தது. நாலாவது இலை வந்தபோது இலை நுனியெல்லாம் தீயில் காட்டியதுபோல் பழுப்பாகிக் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிறகு அழுகல் ஏதோ என்று நினைத்து மஞ்சள்தூள் தூவினேன். காரணம் உப்பு. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வரும் நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும். அது வேரைத் தண்ணீர் உறிஞ்ச விடாது.

ஆகவே கட்டியைப் பெரிய தொட்டியில் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு 5 கிலோ கட்டி ஏறக்குறைய 60 முதல் 70 லிட்டர் வரை உப்பும் என்பதால் சின்ன வாளி உதவாது. ஒரு இரவு ஊறட்டும். காலையில் பழைய வேட்டியிலோ கொசுவலைத் துணியிலோ அள்ளிப் போட்டுப் பிழியுங்கள். வடியும் நீர் முதலில் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். திரும்ப ஊற வைத்துப் பிழியுங்கள். மூன்றாவது முறை அது வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் நார்க்கழிவு கலவைக்கு ஆகும்.

"ஏற்கெனவே கழுவியது" என்று அட்டையில் போட்டிருந்தாலும் ஒரு முறையாவது அலசுங்கள். அரைமணி நேரச் செலவில் ஒரு பட்டம் தப்பிக்கும்.

4. கலவையைப் போட்டுவிட்டுப் பத்து நாள் சும்மா இருங்கள்

செம்மண் ஒரு பங்கு, கழுவிய நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இவ்வளவுதான். வேப்பம் புண்ணாக்கு உரமாகவும் ஆகும், வேரைத் தாக்கும் நூற்புழுவையும் குறைக்கும்.

ஒவ்வொன்றும் ஏன் என்று தெரிந்தால் அளவை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். செம்மண் செடியைப் பிடித்து நிறுத்தும், ஆனால் அதை மட்டும் போட்டால் வெயிலில் செங்கல்லாக இறுகிவிடும். நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும், எடையையும் குறைக்கும். ஆனால் அதில் சத்து சொற்பம். சத்து முழுக்கத் தொழுவுரத்தில்தான். தொழுவுரம் மக்கியதா என்று முகர்ந்து பாருங்கள். மழை நனைத்த மண்ணின் வாசம் வந்தால் சரி. சாணி வாடை வந்தால் இன்னும் இரண்டு மாதம் நிழலில் கிடக்கட்டும்.

கலவையைப் பையின் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வரை நிரப்புங்கள். விளிம்புவரை நிரப்பினால் ஊற்றும் தண்ணீர் உரத்தையும் அள்ளிக்கொண்டு வெளியே ஓடும். பிறகு தினமும் லேசாகத் தண்ணீர் தெளித்து ஏழு முதல் பத்து நாள் விட்டுவிடுங்கள். புண்ணாக்கு மக்கத் தொடங்கும்போது கலவை சூடாகும். மூன்றாம் நாள் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் இளஞ்சூடு தெரியும். அந்தச் சூட்டில் விதை போட்டால் அவிந்துவிடும். புதியவர்களுக்குக் கஷ்டமான படி இந்தச் சும்மா இருத்தல்தான்.

5. இப்போது விதை, அதுவும் பட்டம் பார்த்து

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி மாடிக்கும் பொருந்தும். சித்திரையில் தொடங்காதீர்கள். கத்திரி வெயிலில் சிமெண்டுத் தரை அனலைத் திருப்பி அடிக்கும்போது பத்து ஆண்டுப் பழக்கம் உள்ளவருக்கே செடியைக் காப்பது பெரும்பாடு. ஆடியும் தையும்தான் புதியவர்களின் மாதங்கள்.

முதல் பத்துப் பைக்கு என் பரிந்துரை இது: கீரை மூன்று பை, வெண்டை மூன்று, கத்தரி இரண்டு, மிளகாய் ஒன்று, பாகல் ஒன்று. சிறுகீரை 25 நாளுக்குள் தட்டுக்கு வந்துவிடும். வெண்டை 45 நாளில் காய்க்கும். கத்தரிக்கு இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். கீரையை முதலில் பறித்தால் கத்தரிக்காகக் காத்திருக்கப் பொறுமை கிடைக்கும். தக்காளியை முதல் பட்டத்தில் விட்டுவிடுங்கள். அது எளிது என்று எல்லோரும் சொல்கிறார்கள், என் அனுபவத்தில் அதுதான் அதிகம் ஏமாற்றும்.

பந்தல் அவரை மீது ஆசையா? ஆடியில் மட்டும் போடுங்கள். பகல்பொழுது குறையும்போதுதான் அது பூக்கும். மாசியில் போட்டால் கொடி மாடியையே மூடும், ஒரு பூவும் வராது.

விதையை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் அது மருந்து கலந்த விதை. இயற்கை முறைக்கு அது வேண்டாம், குழந்தைகள் கையிலும் வேண்டாம். அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைக்க நினைத்தால் நாட்டு விதை வாங்குங்கள். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகத்தின் விதையில் தாய்ச்செடி அப்படியே திரும்ப வராது. வெண்டையில் மஞ்சள் தேமல் நோய்க்குப் பயந்தால் அர்கா அனாமிகா போன்ற தாங்கும் ரகம் இருக்கிறது. அது ஒட்டு ரகம் அல்ல என்பதால் விதையும் எடுக்கலாம்.

6. நேரடி விதைப்பு எதற்கு, நாற்று எதற்கு

வெண்டை, கொத்தவரை, அவரை, கொடிக்காய் எல்லாம் நேரடியாகப் பையில். இவற்றின் வேர் இடமாற்றத்தைப் பொறுக்காது. கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் நாற்று விட்டு 25 முதல் 40 நாளில் நட வேண்டியவை.

விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். வெண்டை விதையை விரலால் இரண்டு அங்குலம் அழுத்திவிட்டு முளைக்கவில்லை என்பவர்கள் ஏராளம். பாகல் விதையின் தோல் கடினமானது. நகவெட்டியால் ஓரத்தை லேசாகக் கிள்ளி ஒரு இரவு ஊற வைத்தால் சீக்கிரம் முளைக்கும். கீரை விதையை ஒரு பிடி மணலோடு கலந்து தூவுங்கள். இல்லையென்றால் ஒரே மூலையில் கொத்தாக விழும்.

நாற்றை மாலையில் நடுங்கள். இரவு முழுக்க வேர் நிலைகொள்ள நேரம் கிடைக்கும். முதல் மூன்று நாள் பழைய துணியால் நிழல் கட்டுங்கள். ஒரு பைக்கு ஒரு கத்தரிதான். இரண்டு நாற்றும் பிழைத்துவிட்டால் ஒன்றைப் பிடுங்க மனசு வராது என்பது எனக்கும் தெரியும். பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

7. தண்ணீர்: விரலை விட்டுப் பாருங்கள்

மாடிச் செடிகள் அதிகம் சாவது தண்ணீர் இல்லாமல் அல்ல, மிகுதியாகித்தான். நார்க்கழிவின் மேற்பரப்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்து வெளுத்துவிடும், அடியில் சொதசொதவென்று ஈரம் நிற்கும். மேலே பார்த்து ஊற்றுபவர் வேரை அழுக வைக்கிறார்.

ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விடுங்கள். விரலில் ஈரத்துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். உலர்ந்து உதிர்ந்தால் ஊற்றுங்கள், அடித்துளையில் கசியும்வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை தெளிப்பது மேல்வேரை மட்டும் வளர்க்கும். அந்த வேர்தான் வெயிலில் முதலில் சாகும்.

காலையில் ஊற்றுவது நல்லது. பகல் இரண்டு மணிக்குப் பாகல் இலை தொங்கினால் பதறாதீர்கள். மாலை ஆறு மணிக்குப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் அது வெயிலின் களைப்பு மட்டும்தான். அப்போதும் தொங்கினால்தான் தண்ணீர்க் குறை அல்லது வேரழுகல், விரல் சொல்லிவிடும்.

பங்குனி முதல் ஆனி வரை 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள், பையின் மேல் காய்ந்த இலைச்சருகைப் பரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சருகை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நத்தை குடியேறும்.

8. உரம்: கொஞ்சமாக, நாள் தவறாமல்

பையில் இருக்கும் சத்து ஒன்றரை மாதத்தில் கரைந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை ஓரமாகக் கிளறிப் போடுங்கள். பஞ்சகவ்யம் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலம் லிட்டருக்கு 5 மில்லி. இரண்டையும் வாரம் மாற்றி வாரம் தெளிக்கலாம்.

இந்த அளவை மீறாதீர்கள். எதிர்வீட்டு அக்கா, இயற்கைதானே, கூடினால் என்ன என்று பஞ்சகவ்யத்தைத் தண்ணீர் கலக்காமல் பாகலுக்கு ஊற்றினார். இரண்டே நாளில் கொடி சுருண்டது.

சமையலறைக் கழிவைப் பச்சையாகப் பையில் புதைப்பதும் தவறு. அது மக்குவதற்குச் செடியின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், ஈயும் மொய்க்கும். மூடியும் துளையும் உள்ள இரண்டு வாளிகள் வைத்துக்கொண்டு, ஒரு அடுக்குக் காய்த்தோல், ஒரு அடுக்குக் காய்ந்த சருகு என்று நிரப்புங்கள். ஒன்று நிரம்பி மக்கும்போது மற்றது நிரம்பும். பால், சர்க்கரை கலந்த தேயிலைச் சக்கையை அலசாமல் போட்டால் எறும்பு வரும், எறும்பு வந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த பகுதி.

9. பூச்சி: மருந்துக்கு முன் கண்

காலையில் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு செடியிலும் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி எப்போதும் இலையின் அடியில்தான் தொடங்கும். பஞ்சுபோல் வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. குருத்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ மொய்த்தால் அசுவினி. இரண்டும் சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அவற்றைக் காவல் காத்துச் செடிக்குச் செடி கொண்டுபோய் விடும். ஆகவே தண்டில் எறும்பு ஏறினால் அதைப் பின்தொடர்ந்து பாருங்கள், பூச்சி இருக்கும் இடத்தை அது காட்டிக்கொடுக்கும்.

முதல் வைத்தியம் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது. பழைய பல்துலக்கியால் மாவுப்பூச்சியைத் தேய்த்து எடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் 5 மில்லியைச் சில துளி காதி சோப்புக் கரைசலோடு முதலில் பால்போல் கலக்கி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றி, வெயில் இறங்கியபின் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும். கடைசியில் அடிக்கும் செடிக்கு வெறும் எண்ணெய்தான் கிடைக்கும், இலை பொசுங்கும்.

வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல். அதற்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கி எறியுங்கள், மற்றவற்றைக் காக்க விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைத் தொங்கவிடுங்கள். கத்தரியின் நுனி மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி எடுத்து அழித்துவிடுங்கள். பாகல் பிஞ்சுக்குக் காகித உறை மாட்டினால் பழ ஈ துளைக்க முடியாது.

கறுப்புப் புள்ளியிட்ட சிவப்பு வண்டு நடமாடினால் எதையும் தெளிக்காதீர்கள். அது பொறிவண்டு, அசுவினியைத் தின்னும்.

10. கொடியில் பூ இருக்கிறது, காய் இல்லை என்றால்

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. பத்துப் பதினைந்து நாள் பொறுங்கள். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும். அது மஞ்சளாகி உதிர்ந்தால் தேனீ வரவில்லை என்று பொருள். உயரமான மாடிகளில் இது சகஜம். ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தொட்டு வையுங்கள். பாகலுக்கும் பரங்கிக்கும் இதைக் காலையில் செய்ய வேண்டும். பீர்க்கன் பூ சாயங்காலம்தான் விரியும், புடலையும் சுரையும் அந்திக்குப் பிறகு. காலையில் போய்ப் பீர்க்கன் பூவைத் தேடிப் பயனில்லை.

11. பறிப்பதும் சமைப்பதும்

வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவது சந்தைக்கு. மாடியில் விரல் நீளம் வந்ததும் பறியுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். முற்றவிட்டால் செடி விதைக்குச் சத்தை அனுப்பிவிட்டுப் பூப்பதை நிறுத்திவிடும். கத்தரியைப் பெருவிரலால் அழுத்துங்கள். குழி உடனே நிமிர்ந்தால் பறிக்கலாம், தோலின் மினுமினுப்பு போய்விட்டால் தாமதமாகிவிட்டது. கீரையை வேரோடு பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் முளைக்கீரை மறுபடி தழையும். காம்பைக் கையால் பிய்க்காமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிய்த்தால் கிளையும் சேர்ந்து கிழியும்.

பத்துப் பை ஒரே நாளில் ஒரு கிலோ வெண்டை தராது. நாலு வெண்டை, இரண்டு கத்தரி, ஒரு பாகல் என்றுதான் தரும். ஒரே காயில் பொரியல் செய்யும் வீட்டுக்கு இது எரிச்சலாக இருக்கும், எங்களுக்கும் இருந்தது. கதம்ப சாம்பார், எல்லாம் சேர்த்த கூட்டு, எண்ணெயில் வதக்கிய ஒரு கைப்பிடிப் பிரட்டல் என்று சமையலை மாற்றிக்கொண்டோம். பீர்க்கன் தோல் துவையலாகும், முற்றிய தண்டுக்கீரைத் தண்டு புளிக்குழம்புக்குப் போகும். அடுப்பில் பருப்பு பாதி வெந்த பிறகு மாடி ஏறிக் கீரை அறுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்தக் கீரைக்கு மூன்று நிமிடக் கொதி போதும்.

12. செடி ஓய்ந்த பிறகு பை

கலவையைக் கொட்டிவிடாதீர்கள். செடியை வேரோடு எடுத்து, கலவையைத் தார்ப்பாயில் பரப்பி மூன்று நாள் வெயிலில் காய விடுங்கள். நூற்புழு தாக்கி முடிச்சு விழுந்த வேர் இருந்தால் தனியே அப்புறப்படுத்துங்கள். கலவை எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு தொழுவுரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்துத் திரும்ப நிரப்புங்கள். கத்தரி இருந்த பையில் அடுத்து மிளகாயோ தக்காளியோ வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், ஒரே நோய். கொத்தவரையோ கீரையோ போடுங்கள். அடுத்த பட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தால், புண்ணாக்குச் சூடு தணிந்ததும் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கரண்டி வெந்தயத்தை ஊறவைத்துத் தூவி வையுங்கள்.